குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் இடம் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டி வளர்ப்பா, நமீபியாவில் சிவிங்கிப்புலி (சீட்டா) ஆய்வா, தன்னார்வலராக எதற்குப் போகலாம், கட்டணம் ஒன்றுதான் என்று கேட்டிருந்தீர்கள். முதலாவதை யோசிக்கவே வேண்டாம். வருடம் முழுக்கப் பால்குடி மறக்காத குட்டிகள் எங்கிருந்து வருகின்றன? தாயிடமிருந்து பிரித்துத்தான். மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வளர்ந்ததும் வேலிக்குள் நடக்கும் வேட்டைக்கோ எலும்பு வியாபாரத்துக்கோ போவது அங்கே பழைய கதை. 2021-இல் அந்நாட்டு அரசே இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தது.

நமீபியாவில் விலங்கைத் தொட விடமாட்டார்களாம் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அதுதான் நல்ல அறிகுறி. வேலை என்னவோ அலுப்பானதுதான். சிவிங்கிப்புலிகள் மோப்பக்குறி விட்டுப்போகும் மரங்களருகே தானியங்கி கேமரா வைத்திருப்பார்கள். படத்துக்குப் படம் காற்றில் ஆடும் புல்லும் யாரோ ஒருவரின் மாடும்தான் வரும். சிவிங்கிப்புலி படத்தில் சிக்கினால் உடம்புப் புள்ளிகளை ஒப்பிட்டு, எந்தச் சிவிங்கிப்புலி என்று அடையாளம் காண வேண்டும். எச்சத்தை அலசி, அதிலுள்ள முடியை வைத்து எதைத் தின்றது என்று பார்ப்பதும் உண்டு. ஒச்சிவரோங்கோ என்ற ஊர்ப் பக்கத்தில் இருக்கும் சிவிங்கிப்புலி பாதுகாப்பு நிதியம் 1994 முதல் பண்ணையாளர்களுக்குக் காவல் நாய்கள் கொடுத்து வருகிறது. ஆடு பிழைத்தால் சிவிங்கிப்புலியைச் சுடத் துப்பாக்கியைத் தூக்கமாட்டார்கள் என்ற கணக்கு.

அப்புறம், தன்னார்வ வேலைக்குச் சுற்றுலா விசா போதுமா என்று பணம் கட்டுமுன் தூதரகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம், அப்போது போனால் ஸ்வெட்டர் கட்டாயம்.