முழங்காலுக்கு அக்குபங்சர் ஊசி போடலாம், கஷாயப் பொட்டலம் வேண்டாம்

கேள்வி: வயது 61. நாலு வருடமாக முழங்கால் தேய்மான வலி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இதயத் துடிப்பு சீராக இல்லாததால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சீன அக்கா தன் சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) அக்குபங்சர் ஊசி போட வரச் சொல்கிறார். மீதமிருந்த கஷாயப் பொட்டலம் இரண்டும் கொடுத்திருக்கிறார். குடிக்கலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஊசிக்குப் போகலாம். பொட்டலத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சின்சே நாடியும் நாக்கும் பார்த்து ஆளுக்கு ஏற்றபடி சரக்கைக் கூட்டிக் குறைத்து எழுதுகிறார். அந்தப் பொட்டலம் அக்காவின் உடம்புக்கு எழுதியது. மூட்டுவலிக்கு வழக்கமாகத் தரும் துஹுவோ ஜிஷெங் கஷாயத்தில் 15 சரக்குகள் உண்டு. அதில் தாங்குவெய் வேரும் ஒன்று. வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியலாம். தான்ஷென் வேரும் அப்படித்தான். அமெரிக்க ஜின்செங் நேர்மாறாக வார்ஃபரினின் வேலையைக் குறைத்து, இரத்தம் உறைய இடம் கொடுக்கும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். 'வெறும் மூலிகைதானே' என்பது இங்கே செல்லாது. தூளாகக் கொடுத்தாலும் சரக்கு அதேதான்.

ஊசி அவ்வளவு சிக்கலில்லை. சுமார் 0.25 மில்லிமீட்டர் தடிமன், ஒருமுறை போட்டுத் தூக்கியெறிவது. உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருபுறக் குழிகளிலும், அங்கிருந்து நாலு விரற்கடை கீழே, கால் எலும்புக்கு வெளிப்புறமுள்ள சூசான்லி புள்ளியிலும் குத்துவார்கள். கனமாக, மந்தமாக ஒரு வலி தோன்றினால் சரியான இடம். சுரீரென்று மின்சாரம் போல ஓடினால் உடனே சொல்லுங்கள், ஊசி நரம்பைத் தொட்டிருக்கும். 20 முதல் 30 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; மயக்கம் வரலாம். முதல் தடவை படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். ஐஎன்ஆர் அளவுக்குள் இருக்கிறதா என்று முதலில் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தோல்மேல் குவளை வைத்து உறிஞ்சுவது உங்களுக்கு வேண்டாம், பெரிய இரத்தக்கட்டு நிற்கும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் சூட்டு விளக்கும் வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது.

தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் வளராது. வலி குறையலாம், படி ஏறுவது சுலபமாகலாம், அவ்வளவுதான். ஆறு தடவைக்குள் எந்த மாற்றமும் இல்லையென்றால் பணத்தை வீணாக்க வேண்டாம்.

அந்தச் சின்சேயின் பெயர் பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அக்குபங்சருக்கு மட்டும் பதிவு பெற்றவர் கஷாயம் எழுதக் கூடாது. கடையில் சரக்கை நிறுத்துக் கட்டித் தருபவர் பதிவு பெற்றவராகவே இருக்க வேண்டியதில்லை; அவரிடம் மருந்து கேட்காதீர்கள். போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அவர் கஷாயம் எழுதினால், சரக்குப் பட்டியலை வாங்கி வார்ஃபரின் பார்க்கும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.