ரேகை வைத்தாயிற்று, ரசீது எங்கே? (உரக்கடை, நெல் கொள்முதல் ரேகைக் கருவி: கேள்வி பதில்)

கூட்டுறவுச் சங்க உரப் பிரிவுக்குப் பி.ஓ.எஸ். கருவி, அதாவது ரேகை வாங்கி விற்பனையைப் பதியும் கருவி, வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அதைக் கையில் வைத்திருந்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அப்பாவுக்கு 70 வயது. யூரியா வாங்கப் போனால் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

திருப்பி அனுப்பக் கூடாது. மண்ணிலும் உரத்திலும் புழங்கிய விரலில் வரிகள் தேய்ந்துவிடும், வயதானால் தோலும் காய்ந்துபோகும், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். பெருவிரலைவிட மோதிர விரல் நன்றாக விழுந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆகவில்லையா, 2020இல் கொரோனா சமயத்தில் கருவியில் ஓ.டி.பி. வழியும் சேர்த்தார்கள், ஆதாரில் கைபேசி எண் இருந்தால் போதும். அப்புறம் ஒரு நாள் ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் ரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். முக்கியமாக, ரசீதில் எத்தனை மூட்டை என்று இருக்கிறது, பாருங்கள்.

கே: காசு நான் கொடுக்கிறேன், உரம் வாங்க எதற்கு என் ரேகை?

நல்ல கேள்வி. 45 கிலோ யூரியா மூட்டைக்கு நீங்கள் கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. உண்மை விலை அதைப்போலப் பல மடங்கு, மீதியை மத்திய அரசு மானியமாக உரக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. முன்பெல்லாம் சரக்கு மாவட்டத்துக்கு வந்து இறங்கினாலே மானியம் போய்விடும். இப்போது கடைக் கருவியில் விற்பனை பதிவானால்தான் போகும். அதாவது உங்கள் விரல்தான் அந்த மானியத்தைத் திறக்கும் சாவி. அதனால்தான் ரசீது, ரசீது என்று அடித்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு மூட்டை வாங்கிப் போக, உங்கள் பேரில் பத்து ஏறியிருந்தால் மிச்சம் எட்டு எங்கே போயிற்று?

கே: உரக்கடை வைத்திருக்கிறேன். எங்களைத் திருடன் என்கிறீர்களா? சீசனில் நூறு பேர் நிற்கிறார்கள், சிக்னல் இல்லை. சரக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டு ராத்திரி பதிவு போடுகிறோம்.

அண்ணா, அந்த நெருக்கடியை நானும் அனுபவித்தவன். சிக்னல் இல்லாதது உங்கள் குற்றமில்லை. ஆனால் ராத்திரி பதிவு போடும்போது யார் விரலை வைத்தீர்கள்? பக்கத்தில் இருக்கும் நாலு பேர் விரலில்தானே மொத்தமும் ஏறுகிறது? மாவட்டவாரியாக அதிகம் வாங்கியவர்கள் பட்டியல் எடுத்து அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வரும்போது பதில் சொல்பவர் அரை ஏக்கர்க்காரர்.

கே: (அதே கடைக்காரர்) ரேகை வந்த பிறகுதான் யூரியா கடத்தல் குறைந்தது, அதை ஏன் சொல்லவில்லை?

யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015இல் கட்டாயமாக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிளைவுட் பசைக்கு யூரியா வாங்கும் ஆலைக்காரன் தயங்கியது அதனாலும்தான். ரேகை ஆளைச் சொல்லும், மூட்டையைச் சொல்லாது. கடையை விட்டு வெளியே போன மூட்டை வயலுக்குப் போனதா, பிளைவுட் பசை காய்ச்சும் இடத்துக்குப் போனதா என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதில் இருக்கும் இருப்பும் குடோன் இருப்பும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கே: ரேகை விழவில்லை, என்ன செய்வது?

முதல் பதில்.

கே: ரேகை கொடுத்தால் வங்கிப் பணம் போய்விடுமா?

உரக்கடையில் வைக்கும் ரேகை பூட்டிய வடிவில் ஆதாருக்குப் போய், இவர்தான் அல்லது இவர் இல்லை என்று பதில் வரும். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைச் சிலிக்கானில் வார்த்துப் பணம் எடுத்த மோசடிகள் நடந்தது உண்மை. ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வையுங்கள், உரம் வாங்கும் அன்று மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

கே: குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் நில உடைமையாளர் ரேகைதான் வேண்டும் என்கிறார்கள்.

வியாபாரி வெளியூர் நெல்லை விவசாயி பேரில் போடுவதைத் தடுக்கத்தான் அங்கே ரேகை வந்தது. அடி படுவது உங்களைப் போன்றவர்களுக்கு என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அறுவடைக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரில் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற பதிவு) வாங்கி, உங்கள் ஆதார், உங்கள் வங்கிக் கணக்கிலேயே பதிவு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையைப் பதிவு செய்துகொண்டால் இன்னும் பலம். உடைமையாளர் கணக்குக்குப் பணம் போனால் திரும்ப வாங்குவது உங்கள் பாடு. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், அதை எந்த ரேகையும் காப்பாற்றாது.

கே: பி.எம். கிசான் முகப் பதிவு ஆகவில்லை.

என் துறை இல்லை. வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: மாமியாருக்கு ரேகை விழவில்லை, ஓ.டி.பி.க்குக் கைபேசியும் இல்லை.

இதற்கும் பாதி பதில் மேலே இருக்கிறது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். மீதிப் பாதி: உரம் வாங்கக் கிசான் கடன் அட்டை, வாக்காளர் அட்டையும் அடையாளமாக ஏற்கப்பட்டவைதான், கடையில் அதைக் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் வேறு யாராவது தன் ஆதாரில் வாங்கலாம், நீங்களே போகலாம். போனால் ரசீதை வாங்கி, மூட்டையை எண்ணிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.