உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் சுகாதார விழிப்புணர்வு, நோய்த்தடுப்புப் பணிகளால் உண்மையில் பயன் உண்டா?

பேரணி, துண்டுப் பிரசுரம், ஆட்டோவில் ஒலிபெருக்கி என்று ஆண்டுதோறும் நடப்பவற்றால் யாராவது மாறியிருக்கிறார்களா, அல்லது இவையெல்லாம் கணக்குக்காக நடப்பவைதாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் நெடுங்காலமாகக் குடியிருப்பவன், குடியிருப்போர் நலச்சங்கப் பணியின் காரணமாகச் சுகாதாரப் பிரிவினரோடு பழகியவன் என்ற முறையில் என் பதில் இது: பேரணியால் மாறியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, வீட்டுக்குள் வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பவரால் மாறிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பல உள்ளன.

அந்த எட்டிப் பார்ப்பவரை இங்கே ‘டெங்கு மஸ்தூர்’ என்பார்கள். பெரும்பாலும் பெண்கள், தினக்கூலி அல்லது ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர்கள். “பெரியம்மா, தொட்டிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, டார்ச் விளக்கை அடித்து, சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மாடிச் சின்டெக்ஸ், கொல்லையில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்குச்சி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் சிறு தட்டு வரை பார்த்துவிடுவார்கள். புழு இருந்தால் அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வீட்டுக்காரரின் கண்முன் காட்டுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதன்று, நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் பிறப்பது என்பதைப் பத்துச் சுவரொட்டிகளை விட அந்த ஒரு கிண்ணம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ‘எங்கள் வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று முகம் சுளித்தவர்கள், தங்கள் சமையலறைத் தண்ணீரிலேயே நெளியும் புழுவைக் கண்டபின் வாதிடுவதில்லை.

இதில் பலருக்கும் புரியாத ஒன்று உண்டு. முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீரை இறைத்துவிட்டு அப்படியே மறுபடி நிரப்பினால் பயனில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் ஈரமில்லாமலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்க்க முடியாத பெரிய தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். அது உரிய அளவில் குடிநீரிலும் கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மருந்துதான் என்றாலும், அதன் வாடைக்கு அஞ்சி, மஸ்தூர் படியிறங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிடுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

மக்கள் கேட்பதோ புகை மருந்தைத்தான். தெருவில் புகை பரவினால்தான் வேலை நடந்ததாக ஒரு நம்பிக்கை. கவுன்சிலர்களுக்கும் அது வசதி, ஏனென்றால் நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிறது. புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி அடிப்பதற்கு அதற்கொரு தேவை உண்டு. மற்றபடி அது பெரும்பாலும் மன ஆறுதல்தான் என்பது என் கருத்து.

இவ்வளவு சொன்னபின் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊர் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் குழாயில் தண்ணீர் எல்லா நேரமும் வராத எந்த ஊரிலும், குடும்பத் தலைவி அண்டா, குடம், டிரம் என்று கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைக்கத்தான் செய்வாள். அவளிடம் போய்த் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்று அறிவுரை சொல்வது நியாயமாகாது. டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும், மூடி இல்லையென்றால் பழைய வேட்டித் துணியைக் கட்ட வேண்டும் என்று சொல்லும் மஸ்தூரின் பேச்சு எடுபடுவது, அது அவளுடைய நிலைமையை ஒப்புக்கொண்டு தொடங்குவதால்தான். குடிநீர் வழங்குவதும் கொசுவை ஒழிப்பதும் ஒரே உள்ளாட்சியின் பொறுப்பு. பொறியியல் பிரிவு சரியாக இயங்கினால் சுகாதாரப் பிரிவின் விழிப்புணர்வுச் செலவு பாதியாகக் குறையும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் ஏதோ புதிய திட்டம் என்று எண்ண வேண்டாம். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டமே கொசு உற்பத்தியைத் தடுப்பதற்கென்று தனி அத்தியாயம் கொண்டது. தன் இடத்தில் கொசு பெருகாமல் பார்த்துக்கொள்வதைக் குடியிருப்பவரின் கடமையாக்கி, சோதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்குத் தந்தது. கட்டுமானப் பணியிடங்களிலும் பூட்டிய வீடுகளிலும் இன்று நோட்டீஸ் ஒட்டுவதற்கும் அபராதம் விதிப்பதற்கும் அடிப்படை அதுதான்.

நோய்த்தடுப்பில் இந்த மண்ணுக்குத் தனி வரலாறும் உண்டு. 1980களில், அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையின் வைரஸ் நோய் வல்லுநர் ஜேக்கப் ஜான் முன்னின்று ‘நதி’ என்ற பெயரில் ஒரு நோய்க் கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கினார். அரசு மருத்துவர்களோடு தனியார் மருத்துவர்களும் தாங்கள் கண்ட குறிப்பிட்ட நோய்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். அவை தொகுக்கப்பட்டு மாத இதழாக அவர்களுக்கே திரும்பி வரும். எங்கே தட்டம்மை, எங்கே மூளைக்காய்ச்சல் என்று தெரிந்ததும் மாவட்டச் சுகாதாரத் துறை அங்கே செல்லும். கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் அஞ்சலட்டையை வைத்துக்கொண்டு செய்த வேலை இது. நாடு முழுவதற்குமான போலியோ சொட்டு மருந்து இயக்கம் 1995இல் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரே நேரத்தில் ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறை வேலூர் நகரில் நடத்திப் பார்க்கப்பட்டதும் அதே காலத்தில்தான். எழுதி அனுப்பிய மருத்துவருக்கு அவர் அனுப்பிய தகவல் என்ன ஆனது என்று தெரிந்ததே அந்த ஏற்பாட்டின் பலம். இன்றைக்கும் தெருவாசிக்குத் தேவைப்படுவது அதுதான்: எங்கள் தெருவில் புழு கண்ட வீடுகள் எத்தனை, போன மாதம் எத்தனை என்ற பதில். மஸ்தூர் நோட்டில் தினமும் எழுதும் அந்தக் கணக்கு மேலே போகிறது, கீழே வருவதில்லை.

மொழியையும் இங்கே கருத வேண்டும். வேலூரின் கஸ்பா, சைதாப்பேட்டை போன்ற பகுதிகளில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். பகலில் வீட்டிலிருக்கும் பெண்களிடம் உருதுவில் பேசக்கூடிய பெண் பணியாளர் ஒருவர் உடன் சென்றால் திறக்கும் கதவுகளே வேறு. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஆந்திரம் என்று பல இடங்களிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தால் என்ன பயன்? அங்கே பேச வேண்டியது லாட்ஜ் மேலாளரிடம். பார்க்க வேண்டியது மொட்டைமாடித் தொட்டிகளை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை, புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்பது தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்குப் பிரசுரம் இல்லாமலேயே மனப்பாடம். சேவை தவறாமல் நடந்ததால் படிந்த பழக்கம் அது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

குடிநீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படிக் கண்ணால் காட்டக்கூடிய வேலைதான். குழாய்த் தண்ணீரைச் சிறு குப்பியில் பிடித்து மருந்துத் துளி விட்டால் மஞ்சள் நிறம் வரும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில், சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாய்களின் கடைசி வீடுகளில் இதைச் செய்து காட்டச் சொல்லலாம். நிறம் வரவில்லையென்றால் அன்றே பிளீச்சிங் பவுடர் கலக்கும் அளவையும் குழாய்க் கசிவையும் பார்த்தாக வேண்டும்.

ஆகவே உங்கள் ஊரில் இதை உருப்படியாக்க விரும்பினால், அடுத்த பேரணியில் பதாகை பிடிக்கப் போகாதீர்கள். நகரமென்றால் பகுதி சபை, கிராமமென்றால் கிராம சபை. அங்கே எழுந்து, புழு கண்ட வீடுகளின் தெருவாரிக் கணக்கையும் குளோரின் சோதனை முடிவையும் மாதந்தோறும் வார்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேளுங்கள். வீட்டு எண்களை வெளியிட வேண்டியதில்லை. தெருப் பெயர் போதும்.