கழுத்தைச் சுழற்றினால் மட்டும் போதாது

கேள்வி: எனக்கு வயது 41. கணினி முன் வேலை. எட்டு மாதமாகப் பிடரியில் வலி. கையில் மரமரப்பு எதுவும் இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். தினமும் கழுத்தைச் சுழற்றுகிறேன். ஒரு மணி நேரம் இதமாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். பயிற்சி செய்தால் தேய்மானம் கூடும் என்கிறார்கள். நிறுத்திவிட்டுக் காலர் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பயிற்சியை நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள். காலர் வேண்டாம். மாதக்கணக்கான வலிக்குக் காலர் போட்டால், ஏற்கெனவே சோர்ந்துபோன தசைக்கு இருக்கிற வேலையும் போய்விடும்.

தேய்மானம் என்ற சொல் வலியைவிட அதிகம் பயமுறுத்துகிறது. ஜப்பானில், கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு, கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எனவே படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. அளவோடு செய்யும் பயிற்சியால் தேய்மானம் கூடும் என்று அஞ்சவும் வேண்டாம்.

சுழற்றுவதும் இழுத்து நீட்டுவதும் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும், அவ்வளவுதான். உங்களுக்குக் குறைவது பலம். ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. கழுத்துக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி செய்த இரு குழுக்களுக்கும், தசை நீட்டலும் நடை போன்ற பயிற்சிகளும் செய்யச் சொல்லி விடப்பட்டவர்களைவிட வலி நன்றாகவே குறைந்தது.

தொடக்கப் பயிற்சி பார்க்க அற்பமாக இருக்கும். மல்லாந்து படுத்து, தலைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். "ஆமாம்" என்று சொல்வதுபோல முகவாயை மெல்லத் தொண்டைப் பக்கம் இறக்குங்கள். தலை துண்டை விட்டு எழக்கூடாது. பின்மண்டை துண்டின் மேல் அரை விரலளவு மேல்நோக்கி வழுக்கினால் சரி. விரல்களைக் கழுத்தின் முன்புறம் வைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னிருந்து காறை எலும்புவரை இறங்கும் இரு தசைகளும் கயிறுபோல் விறைத்தால் நீங்கள் அதிகப் பலம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம், அதைப் பாதியாகக் குறையுங்கள். வேலை செய்ய வேண்டியது அவற்றுக்கு அடியில், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் ஆழ்தசை. பத்து விநாடி நிறுத்தி, பத்து முறை. மூச்சை அடக்க வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் நாளில் நான்காவது முறையிலேயே நடுங்கிவிடுவார்கள்.

அது சுலபமானதும் ரப்பர் பட்டையை எடுங்கள். நடுவில் மிதித்து நின்று, இரு முனைகளையும் பிடித்து, முழங்கையைச் சற்று மடக்கிக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கி மெதுவாக இறக்குங்கள். டென்மார்க்கில் இதை நாளுக்கு இரண்டே நிமிடம், வாரம் ஐந்து நாள், பத்து வாரம் செய்தவர்களுக்கே வலி குறைந்தது. நேரமில்லை என்று இனி சொல்ல முடியாது.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுக்குள் இல்லாதது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்டபின் வந்த வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று வாரம் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். பெரும்பாலோர் கைவிடுவது அப்போதுதான்.