பரவளையம்: குவியமும் இயக்குவரையும் கையில் இருந்தால்

கேள்வி: சார், நான்கு வகைப் பரவளையத்துக்கும் தனித்தனிச் சூத்திரம் இருக்கிறது, தேர்வில் குழம்பிவிடுகிறேன். குவியம் (2, 3), இயக்குவரை ஒய் = −1. இதை எதில் போடுவது?

பதில்: எதிலும் போடாதே தம்பி. வளைவரையில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், குவியம் என்ற நிலையான புள்ளிக்கு உள்ள தூரமும் இயக்குவரை என்ற நிலையான கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரமும் சமம். இந்த வரையறை ஒன்றே போதும். புள்ளியை (எக்ஸ், ஒய்) என்று வைத்து, இரண்டு தூரத்தையும் வர்க்கப்படுத்தி எழுது:

(எக்ஸ் − 2)² + (ஒய் − 3)² = (ஒய் + 1)²

இங்கேதான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் விரித்துவிட்டு, பிறகு திரும்ப வர்க்கமாக்கத் திண்டாடுவார்கள். எக்ஸ் இருக்கும் துண்டைத் தொடாதே. ஒய் துண்டுகளை மட்டும் விரி. ஒய்² இரு பக்கமும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது:

(எக்ஸ் − 2)² = 8ஒய் − 8 = 8(ஒய் − 1)

சரிபார்க்க அரை நிமிடம் போதும். முனை, அதாவது வளைவரை திரும்பும் புள்ளி, குவியத்துக்கும் இயக்குவரைக்கும் நட்டநடுவில், அதாவது (2, 1). அங்கிருந்து குவியம் 2 அலகு தள்ளி; சூத்திரத்தில் ‘ஏ’ என்பது இந்தத் தூரம்தான், அடைப்புக்குறிக்கு முன் வருவது 4ஏ. நாலு மடங்கு 8. பொருந்துகிறதா?

கேள்வி: என் மகள் இதே கணக்கில் 8க்குப் பதில் 16 போட்டிருக்கிறாள். எங்கே தவறு?

பதில்: குவியத்துக்கும் இயக்குவரைக்கும் இடையே உள்ள 4ஐ அப்படியே ‘ஏ’ என்று எடுத்திருப்பாள். ஏ என்பது அதில் பாதி. என்னிடம் வரும் விடைத்தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான், திட்டாதீர்கள்.

கேள்வி: இயக்குவரை சாய்வாக இருந்தால்? குவியம் (1, 1), கோடு எக்ஸ் + ஒய் = 0.

பதில்: வரையறை மாறாது, கோட்டுக்கு உள்ள தூரத்தில் மட்டும் √2 வகுத்தியாக வரும். வர்க்கப்படுத்தினால்:

2[(எக்ஸ் − 1)² + (ஒய் − 1)²] = (எக்ஸ் + ஒய்)²

சுருக்கினால் (எக்ஸ் − ஒய்)² = 4(எக்ஸ் + ஒய் − 1). மனப்பாடச் சூத்திரம் இங்கே கைவிட்டுவிடும்.

கேள்வி: குவியம் இயக்குவரையின் மேலேயே இருந்தால்?

பதில்: பரவளையம் கிடைக்காது. குவியம் வழியாக இயக்குவரைக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோடுதான் வரும்.

கேள்வி: பழைய டிஷ் ஒன்று கிடைத்தது. வட்டமானது, குறுக்களவு 60 செ.மீ., நடுவில் ஆழம் 9 செ.மீ. குவியம் எங்கே?

பதில்: டிஷ்ஷின் அடிப்புள்ளிதான் முனை, அதை (0, 0) என்று வைத்தால் விளிம்பில் ஒரு புள்ளி (30, 9). எக்ஸ்² = 4ஏ × ஒய் என்பதில் போட்டால் 900 = 36ஏ. அடிப்பகுதியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் குவியம். ஆனால் வீட்டு மாடிகளில் இருக்கும் டிஷ் பெரும்பாலும் முழுப் பரவளையம் இல்லை, பெரிய ஒன்றின் ஓரத்திலிருந்து வெட்டிய துண்டு. அதனால்தான் அதன் கை நடுவில் நிற்காமல் கீழிருந்து நீள்கிறது. அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

ஊட்டி வானொலித் தொலைநோக்கி இன்னொரு வகை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பரவளையத்தை அப்படியே நீளவாக்கில் இழுத்த வடிவம். அங்கே குவியம் புள்ளி இல்லை, கோடு. அலைவாங்கிகளை அந்தக் கோடு நெடுக வரிசையாக வைத்திருக்கிறார்கள்.