கறுப்பு நகமும் கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாயும்

கேள்வி: எங்கள் வீட்டு ஆண் நாய்க்கு மூன்று வயது. ஊர் நாய்தான், நகங்கள் எல்லாம் கறுப்பு. சில மாதங்களுக்கு முன்னர் நகம் வெட்டியபோது இரத்தம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நகவெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. தினமும் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றும் நகம் தேயவில்லை. வீட்டிலேயே பாதுகாப்பாக வெட்டுவது எப்படி?
– வாசகி, உப்புவெளி

பதில்: கடற்கரை மணலில் எவ்வளவு ஓடினாலும் நகம் பெரிதாகத் தேயாது, தார் வீதியிலும் கொங்கிறீற் தரையிலும் நடக்கும் நாய்களுக்கே அது ஓரளவு தேயும். நாய் நேராக நிற்கும்போது நகம் தரையில் முட்டினாலோ, வீட்டுக்குள் நடக்கையில் 'டக் டக்' என்று ஓசை கேட்டாலோ வெட்டும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நகம் நீண்டால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, நாளடைவில் நடையே கோணலாகிவிடும்.

நாயின் நகத்துக்குள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் கூடிய மென்மையான சதை ஓடுகிறது. நமது நகக்கண்ணில் முள் ஏறினால் எப்படி உயிர் போகுமோ, அந்தச் சதையில் வெட்டுப்பட்டால் நாய்க்கும் அப்படித்தான். ஆகவே உங்கள் நாய் ஒளிந்துகொள்வதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள். வெள்ளை நகத்தில் அந்தச் சதை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது என்பதால், ஒரே வெட்டில் முடிக்க நினைக்காமல், நகத்தின் வளைவை அனுசரித்துச் சுமார் 45 பாகை சாய்வில், ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் சீவிச் சீவி எடுக்க வேண்டும். ஒவ்வொரு சீவலுக்குப் பின்னரும் வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தொடக்கத்தில் அது வெளிறி, உலர்ந்து, மா பூசியதுபோல் இருக்கும். பின்னர் நடுவில் கடுகளவு கரிய புள்ளியொன்று சற்று ஈரப்பளபளப்போடு தோன்றும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் நீளமாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ஒன்று, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் உள்ளிருக்கும் சதை தானே பின்வாங்கும்.

மனிதருக்கான நகவெட்டி நாயின் உருண்டை நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும் என்பதால், நாய்களுக்கென்றே விற்கப்படும் கத்தரிக்கோல் வடிவ வெட்டியை, அலகு மழுங்காத நிலையில் பயன்படுத்துங்கள்.

எனினும் உங்கள் வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியது நகத்தை அல்ல, பயத்தை. முதல் வாரம் வெட்டவே வேண்டாம். நாய் சோம்பிப் படுத்திருக்கும் வேளையில் பாதத்தைப் பிடித்து, விரலை மெல்ல அழுத்தி, உடனே எலும்பில்லாத அவித்த கோழி இறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அது பழகிய பின்னர் வெட்டியைத் தரையில் வைத்து முகரவிடுங்கள். அதன் ஓசையைக் கேட்கவிட்டு மீண்டும் ஒரு துண்டு கொடுங்கள். அதன் பின்னர் ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். மூன்று வாரம் எடுத்தாலும் எடுக்கட்டும். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து ஒரே நாளில் வெட்டுவதால் அடுத்த முறை நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே வராது. வாயைக் கயிற்றால் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நாய் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வெயிலில் அதன் வாயைக் கட்டுவது ஆபத்து. அதிகாலையே நல்ல நேரம்.

தவறி இரத்தம் வந்தால், படிகாரத் தூளையோ சோளமாவையோ நகநுனியில் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் மறுபடியும் கசியும். அன்று மணலில் நடக்கவிடாதீர்கள். இருபது நிமிடத்துக்குப் பின்னரும் நிற்காவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். வலியில் நாய் உங்களைக் கடித்துவிட்டால், நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் நாய்க்குப் போட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பெண் நாயின் முன்னங்காலில், உட்புறமாக மேலே இருக்கும் நகம் வளைந்து தோலுக்குள் இறங்கிவிட்டது. நானே வெட்டலாமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: வேண்டாம். அந்த நகம் தரையில் படாதபடியால் தேய வழியின்றி வட்டமாக வளர்ந்து தோலைத் துளைத்துவிடுகிறது. உள்ளே சீழ் பிடித்திருக்கக்கூடும். மரத்துப்போகச் செய்து வெட்டிக் காயத்துக்கு மருந்திடுவது மிருக வைத்தியரின் வேலை. புண் ஆறிய பின்னர், மற்ற நகங்களை வெட்டும்போதெல்லாம் இந்த நகத்தையும், மறுகாலில் அதே இடத்தில் உள்ளதையும் உரோமத்தை விலக்கிப் பார்த்து வெட்டிவிடுங்கள்.