கேட்டதும் சொன்னதும்: யாழ்ப்பாணத்து மிஷன் விடுதிப் பள்ளிகள்

1820 வாக்கில் யாழ்ப்பாணத்தில் நடக்கும் தொடர்கதை ஒன்று எழுதுகிறேன். அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் பையன்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்குகிறார். எது முதலில், எது பிறகு நடந்திருக்கும்?
— வாசகி, பாளையங்கோட்டை

முதலில் அனுமதி. இலங்கை பிரிட்டிஷ் முடியாட்சியின் காலனி. வந்தவர்களோ சற்று முன்புவரை அதே பிரிட்டனோடு போரில் இருந்த அமெரிக்கர்கள். பூவர், மீக்ஸ், ரிச்சர்ட்ஸ், வாரன் ஆகியோர் 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். ஆளுநர் பிரவுண்ரிக் அவர்களை யாழ்ப்பாணம் போக விட்டார். பின்னால் அதிகாரத்துக்கு வந்த எட்வர்ட் பார்ன்ஸ் கறாரானவர். அச்சு வேலைக்கென்று 1820இல் வந்த ஜேம்ஸ் காரட்டை இருக்கவிடாமல் வெளியேற்றினார். புதிதாக அமெரிக்கர் வரக்கூடாது என்ற தடை 1833 வரை நீடித்தது. ‘கல்லூரி’ என்ற பெயருக்கும் அரசு இசையவில்லை. அதனால்தான் 1823இல் வட்டுக்கோட்டையில் திறந்த உயர்பள்ளி ‘செமினரி’ ஆயிற்று. உங்கள் கதையில் வாசலில் ‘கல்லூரி’ என்று பலகை மாட்டிவிடாதீர்கள்.

அடுத்து கட்டடம். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துத் தேவாலயங்களும் பாதிரி வீடுகளும் பாழடைந்து கிடந்தன. சுண்ணாம்புச் சாந்து வைத்த பழைய சுவர்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி; கூரைதான் செலவு. வைரம் பாய்ந்த பனையில் வளை, சிலாகை என்ற கூரைச் சட்டங்களைப் போட்டால் கறையான் எளிதில் அண்டாது. மேலே பனையோலை. ஐப்பசி மழை இறங்குவதற்குள் வேய்ந்தாக வேண்டும்; தவறினால் பையன்களின் பாயும் ஏடும் நனைந்து போகும். ஓலைக் கூரைக்கு எதிரி நெருப்பு. எனவே அடுப்படியைப் படுக்கும் கொட்டகையை விட்டுத் தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடத்தில் வையுங்கள்.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத நிலம் அது. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் துலா (ஏற்றம்) வைத்த கிணறுதான். கடலோரம் போகப் போகக் கிணற்று நீர் உவர்க்கும். நல்ல தண்ணீர்க் கிணறு பக்கத்தில் இருந்தாலும் யார் அதில் அள்ளலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. ஆகவே வளவுக்குள், அதாவது பள்ளி மனைக்குள், சொந்தக் கிணறு இல்லாமல் விடுதி நடக்காது.

பிறகு அரிசி. வளரும் பையனுக்கு நாளுக்கு அரைக் கிலோ என்று இன்றைய அளவில் வைத்துக்கொள்வோம். 40 பையன்களுக்கு நாளுக்கு 20 கிலோ, மாதம் 600 கிலோ, ஆண்டுக்கு ஏழு டன்னுக்கு மேல். யாழ்ப்பாணத்தில் நெல் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம். தை, மாசியில் அறுவடை. ஊரில் விளைவது ஊருக்கே காணாது, மிச்சம் கடல் கடந்து வரவேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் கொந்தளிப்பும் படகுப் போக்குவரத்தைக் கெடுக்கும். பழைய நெல்லும் தீர்ந்திருக்கும். விலை ஏறி நிற்பது அப்போதுதான். அறுவடை முடிந்த கையோடு மொத்தமாக வாங்கிக் காயவைத்துச் சேமிக்காத நிர்வாகி மார்கழியில் மாட்டிக்கொள்வார். ஊரே குரக்கனையும் (கேழ்வரகு) ஒடியலையும் (காயவைத்த பனங்கிழங்கு) கொண்டு அந்த மாதங்களைத் தள்ளியது.

கடைசியில்தான் பையன்கள். நேராக விடுதி திறந்தால் யாரும் வரமாட்டார்கள். முதலில் ஊர்ப் பள்ளிகள்; அவற்றில் உள்ளூர்ச் சைவ வாத்தியார்களே கற்பித்தார்கள். அங்கே சூட்டிகையானவனைப் பார்த்து வைத்து, வீட்டோடு பேசி, விடுதிக்குக் கொண்டுவருவார்கள். படிப்பு முடியும்வரை அழைத்துப் போவதில்லை என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அறுவடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் போன பையன் திரும்பமாட்டான். போட்ட சோறும் வீண்.

வெள்ளாளப் பையன்கள் பாதிரி வளவில் சமைத்ததைச் சாப்பிட்டார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

தொடக்கத்தில் மறுத்தார்கள். விடுதி முயற்சி முதலில் இடறியதே இந்த இடத்தில்தான். மிஷன் எல்லைக்குள் உண்டால் தீட்டு. ஆகவே பக்கத்துக் காணியில், சைவர் ஒருவருக்குச் சொந்தமான நிலத்தில், சமையல் கொட்டகை போட்டார்கள். பையன்கள் பாடத்துக்கு இந்தப் பக்கம், சோற்றுக்கு அந்தப் பக்கம். நாளடைவில்தான் சாப்பாடு மிஷன் வளவுக்குள் வந்தது.

காட்சியாக எழுதுவதானால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சமைப்பவர் பையன்களின் சாதிக்காரராகவோ, அவர்கள் கைநீட்டி வாங்கக்கூடிய சாதிக்காரராகவோ இருக்கவேண்டும். தண்ணீர்க் குடம் சோற்றுப் பானையைவிடச் சிக்கலானது. தொடக்கூடாதவர் கை பட்டால் குடத்தையே மாற்றவேண்டும். பாதிரியின் மனைவி நல்லெண்ணத்தோடு வந்து மூடியைத் திறந்து பார்த்தாலே அன்றைக்குப் பந்தி கலைந்துவிடும். பந்தி கலைந்தால் மறுநாள் ஊருக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் தந்தை வந்து பையனைக் கூட்டிப்போவார்.

பிரசங்கத்தில் சாதியைக் கண்டித்தவர்கள் அடுப்படியில் அதற்கு வளைந்து கொடுத்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த விட்டுக்கொடுப்பின் விலையும் தெரிகிறது: விடுதியில் படித்துப் பெரியவர்களானவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர்.

யாழ்ப்பாணத்து உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்கள் பெயர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று படித்தேன். வெள்ளைக்காரர்களா?
— வாசகர், மதுரை

இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள், விடுதிப் பள்ளியின் வார்ப்புகள். அமெரிக்காவில் ஒருவரோ, ஒரு சபையோ, ஒரு மாதர் சங்கமோ ஒரு பையனின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அவர்கள் விரும்பும் பெயர் பையனுக்குச் சூட்டப்படும். பெரும்பாலும் அவர்கள் மதித்த போதகர் பெயர். அப்படித்தான் சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார், சதாசிவம்பிள்ளை அர்னல்ட் ஆனார்.

பணம் சேர்க்க நல்ல உபாயம். ஆனால் கணக்கு எழுதுபவருக்குத் தலைவலி: பணம் கட்டியவருக்குத் ‘தன்’ பையனைப் பற்றிச் செய்தி போகவேண்டும், பையன் ஓடிப்போனாலோ இறந்தாலோ அந்தப் பெயரை இன்னொருவனுக்கு வைக்கவேண்டும். ஆவணங்களில் ஒரே பெயரில் இருவர் தென்பட்டால் அச்சுப்பிழை என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

தமிழ் பேசும் நிலத்தில் இதுதான் இவ்வகையில் முதல் பள்ளியா?
— வாசகர், கும்பகோணம்

இல்லை. டென்மார்க்கின் தரங்கம்பாடிக் குடியேற்றத்தில் சீகன்பால்கு 1707இலேயே பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துப் பள்ளி நடத்தினார். அங்கும் இதே தொல்லைகள்தாம். 1708இல் ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் கப்பலை விட்டுக் கரைக்கு வரும் வழியில் கடலோடு போயிற்று. அதே ஆண்டு இறுதியில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைச் சிறையில் தள்ளினார், நான்கு மாதம். விடுதி நடத்துபவருக்குப் பணம் ஒரு பருவம் வராமல் போனால், ஆசிரியருக்குக் கடன் சொல்லலாம், பிள்ளைகளின் வயிற்றுக்குச் சொல்ல முடியாது.

வட்டுக்கோட்டையில் வேதாகமம் மட்டும்தான் கற்பித்தார்களா?
— வாசகி, சேலம்

அதுவும் உண்டு. கூடவே ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ் இலக்கண இலக்கியம் எல்லாம். வானியலைச் செமினரியின் தலைவர் பூவர் வெறும் பாடமாக விடவில்லை. 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு உள்ளூர்ப் பஞ்சாங்கத்தில் கொடுத்திருந்த நேரமும் அளவும் பிழை என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு வானத்தைப் பார்த்தவர்களுக்கு யார் கணக்கு சரி என்று தெரிந்தது. பஞ்சாங்கத்தை அசைத்தால் சமயம் தானாக அசையும் என்பது அவர் எதிர்பார்ப்பு. பையன்கள் கணிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சமயத்தில் பலர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இவ்வளவு நன்றாக நடந்ததை ஏன் 1855இல் மூடினார்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

நன்றாக நடந்ததுதான் காரணம் என்று சொல்லலாம். அமெரிக்காவில், பாஸ்டனில் இருந்த மிஷன் தலைமைக்குத் தேவை, தமிழில் பிரசங்கிக்கும் ஊர்ப் போதகர்கள். விடுதியில் ஆங்கிலம் படித்தவனுக்கோ கச்சேரியில் (அரசு அலுவலகம்) குமாஸ்தா வேலை, நில அளவை, மொழிபெயர்ப்பு என்று நல்ல சம்பளம் காத்திருந்தது. போதகர் சம்பளம் அதற்கு ஈடாகுமா? மிஷன் சங்கச் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் ஆங்கிலப் படிப்பிலும் செலவு மிகுந்த விடுதிகளிலும் நம்பிக்கை இல்லாதவர். அவரே தூதுக்குழுவோடு வந்து பார்த்த பிறகு செமினரி மூடப்பட்டது.

இன்னொரு பக்கம் சைவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். படிப்புக்காகப் பாதிரியாரிடம் போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலை தளரத் தொடங்கியிருந்தது.

மூடி இரண்டே ஆண்டில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்ததை உங்களில் பலர் அறிவீர்கள். போதகர்களை எதிர்பார்த்துப் போட்ட சோற்றில் பதிப்பாசிரியரும் வளர்ந்தார்; பாஸ்டன் கணக்கில் அது எந்தப் பத்தியில் ஏறியதோ!

ஊரார் கேட்டுக்கொண்டதன்பேரில் அதே வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. இம்முறை ‘கல்லூரி’ என்ற பெயரோடேயே.